1922-இன் புத்தகங்கள்: யுலிசிஸும் வேஸ்ட் லேண்டும் எந்தப் பதிப்பில் படிப்பது?

வடகரை:

ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் ஒரே நாவல்தான். கடையில் கிடைப்பதோ நாலைந்து வேறு வேறு புத்தகங்கள். ஒன்றில் "1922 பாடம்" என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் "திருத்திய பாடம்". ஆய்வுக் கட்டுரைகளில் 3.199 என்று மேற்கோள் எண் தருகிறார்கள், அது பக்க எண்ணும் இல்லை. டி.எஸ். எலியட்டின் வேஸ்ட் லேண்ட் கவிதையும் அதே ஆண்டு வந்ததுதானே, அதிலும் இந்தக் குழப்பம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

பிழைதிருத்தி:

கையில் இருப்பது எந்தப் பாடம், அதாவது நாவலின் எந்த வாசகம், என்று தெரிந்துகொள்ள முன்னுரையைப் புரட்ட வேண்டியதில்லை. நாவல் முடியும் பக்கத்தைப் பாருங்கள். 732 என்றால் 1922 பாரிஸ் பதிப்பின் நேர்நகல். ஆக்ஸ்ஃபோர்டு மலிவுப் பதிப்பு அந்த வகை. 768 என்றால் 1934 ரேண்டம் ஹவுஸ், 783 என்றால் அதையே 1961-இல் மறுபடி கோத்தது. 933 என்றால் 1960 பாட்லி ஹெட் வழி, பெங்குவின் வெளியிட்டதும் இந்தப் பாடத்தைத்தான். 644-இல் முடிந்து, ஓரத்தில் வரி எண்ணும் இருந்தால் ஹான்ஸ் வால்ட்டர் கேப்லரின் பதிப்பு, நீங்கள் பார்த்த "திருத்திய பாடம்" இதுதான்.

3.199 என்பது கேப்லர் எண்: மூன்றாம் அத்தியாயம், 199-ஆம் வரி. அந்த இடத்தை எடுத்துப் பார்த்தாலே சண்டை என்னவென்று புரியும். நாவலில் வரும் இளைஞன் ஸ்டீபனுக்கு பாரிஸில் தந்தி வருகிறது: தாய் சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வா, அப்பா. பழைய பதிப்புகள் எல்லாவற்றிலும் தாய் என்ற சொல் 'மதர்' என்று ஒழுங்காக இருக்கிறது. கேப்லரில் 'நதர்'. ஜாய்ஸ் எழுதியது 'நதர்'தான், தந்தி ஆபீஸ்காரன் செய்த பிழையாக. ஸ்டீபன் அந்தத் தந்தியைப் பிறரிடம் காட்ட வேண்டிய வேடிக்கைப் பொருள் என்று நினைக்கிறான். பிழை இல்லாத தந்தியில் என்ன வேடிக்கை? மெய்ப்புக் கட்டத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார்கள், பிறகு 60 ஆண்டுக்கு மேல் அப்படியே ஓடியது.

கேலி_புரூஃப்:

யுலிசிஸைப் பதிப்பிக்க வருகிறவரைக் கவிழ்க்கும் இடமே இதுதான். வேண்டுமென்று வைத்த பிழையும் தவறி வந்த பிழையும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நாவலின் நாயகன் புளூமுக்கு மார்த்தா என்ற பெண் எழுதும் கடிதத்தில் 'வேர்ட்' என்பதற்கு 'வேர்ல்ட்' என்று அடித்திருப்பாள், அது கதை. மாலைப் பத்திரிகையின் சாவுச் செய்தியில் எல். புளூம் 'எல். பூம்' ஆகியிருப்பார், அதுவும் கதை. ஆங்கிலமே தெரியாத கம்பாசிட்டர் (அச்சுக் கோப்பவன்) இரண்டையும் அப்படியே கோத்துவிடுவான். அரைகுறை தெரிந்தவன்தான் ஆபத்து.

அச்சு நடந்த விதத்தைச் சொல்கிறேன். அச்சகம் பிரான்ஸில் திஜோன் நகரில், மோரிஸ் தரான்தியேருடையது. கையால் ஈய எழுத்துப் பொறுக்கிக் கோக்கும் வேலை. முதலில் பெரிய தாளில் எட்டுப் பக்க அளவுக்குக் கோத்து 'பிளக்கார்' என்ற மெய்ப்பு எடுப்பார்கள், நம் ஊர் காலி புரூஃப் மாதிரி. அது திருத்தி வந்த பிறகு பக்கம் கட்டி, 16 பக்கம் ஒரு பாரமாக மறு மெய்ப்பு. சாதாரண ஆசிரியர் இந்தக் கட்டத்தில் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பார். ஜாய்ஸ் ஓரமெல்லாம் புது வாக்கியம் எழுதினார். ஒரே பகுதிக்கு நாலைந்து முறை மெய்ப்பு போய் வந்தது. நாவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாள்களிலேயே சேர்ந்தது என்பது பொதுவான கணக்கு.

கையால் கோத்த பத்தியின் நடுவில் பத்துச் சொல் நுழைத்தால் அந்த இடத்திலிருந்து பத்தி முடியும்வரை ஒவ்வொரு வரியையும் பிரித்து, இடைவெளி சரிசெய்து, மறுபடி கட்ட வேண்டும். பக்கம் நிரம்பி வழிந்தால் பாரம் முழுக்கத் தள்ளும். அப்படித் தொட்ட ஒவ்வொரு வரியிலும் புதுப் பிழை நுழைய இடமுண்டு. முந்தைய மெய்ப்பில் சரியாக இருந்த சொல் அடுத்ததில் கெட்டுப்போகும். ஆசிரியரோ தான் புதிதாகச் சேர்த்தது வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார், பழையதைத் திரும்பப் படிக்க மாட்டார். போதாததற்கு 1921 கோடையில் ஜாய்ஸுக்குக் கண் அழற்சி வேறு. புத்தகத்தின் முன்பக்கத்திலேயே பிழைகளைப் பொறுத்தருளுமாறு பதிப்பாளர் சில்வியா பீச் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்.

மழைக்காகம்:

லண்டனிலோ நியூயார்க்கிலோ ஆங்கிலம் தெரிந்த அச்சகம் கிடைக்கவில்லையா?

கேலி_புரூஃப்:

கிடைக்காது. இங்கிலாந்துச் சட்டப்படி ஆபாச வழக்கு என்று வந்தால் அச்சிட்டவரும் குற்றவாளி. ஜாய்ஸின் புரவலர் ஹாரியட் ஷா வீவர் 1918-இல் கைப்பிரதியோடு விர்ஜீனியா, லெனார்ட் வுல்ஃப் தம்பதியிடம் போனார். அவர்களுடைய ஹோகார்த் பிரஸ் வீட்டுக்குள் இருந்த கை அச்சு, இவ்வளவு பெரிய நாவலை அதில் கோக்க ஆண்டுகள் ஆகும். வெளி அச்சகங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், வழக்குப் பயத்தில் மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் தி லிட்டில் ரிவ்யூ என்ற இதழ் 1918 மார்ச் முதல் 1920 டிசம்பர் வரை தொடராகப் போட்டது. 'நாசிக்கா' அத்தியாயத்துக்கு வழக்கு வந்து, ஆசிரியர்கள் மார்கரெட் ஆண்டர்சனுக்கும் ஜேன் ஹீப்புக்கும் 1921 பிப்ரவரியில் ஆளுக்கு 50 டாலர் அபராதம். அதோடு அமெரிக்கப் பதிப்பகக் கதவும் அடைந்தது. அதற்குப் பிறகுதான் பாரிஸில் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி புத்தகக்கடை வைத்திருந்த சில்வியா பீச் வருகிறார். அதுவரை அவர் ஒரு புத்தகமும் பதிப்பித்ததில்லை.

அவர் பணம் புரட்டிய முறை சந்தா. மொத்தம் 1000 பிரதி, மூன்று தரம். 1 முதல் 100 வரை டச்சுக் கைத்தாளில், கையெழுத்தோடு, 350 ஃபிராங்க். 101 முதல் 250 வரை ஆர்ஷ் தாளில், 250 ஃபிராங்க். மிச்சம் 750 பிரதி 150 ஃபிராங்க். அட்டை நீலம் கிரேக்கக் கொடியின் நீலமாகவே இருக்க வேண்டும் என்று ஜாய்ஸ் பிடிவாதம். நிறம் ஜெர்மனியில் கிடைத்தது, தாள் சரியில்லை. கடைசியில் வெள்ளை அட்டையில் லித்தோவில் நீலம் அடித்தார்கள். ஜாய்ஸின் 40-ஆவது பிறந்தநாளான 1922 பிப்ரவரி 2 காலையில் திஜோன் எக்ஸ்பிரஸில் இரண்டே பிரதிகள் வந்து சேர்ந்தன.

எழுத்தாணி:

அப்படியானால் 1922 பதிப்பைத்தானே படிக்க வேண்டும்? ஆசிரியர் கையில் வாங்கிப் பார்த்து, சம்மதித்து வெளியிட்டது அது. கேப்லர் செய்தது ஜாய்ஸ் வெளியிடாத ஒரு புத்தகத்தைப் புதிதாகக் கட்டியது.

பிழைதிருத்தி:

அப்படி ஒரு கட்சி இருக்கிறது, எளிதில் தள்ளிவிடவும் முடியாது. கேப்லரின் முறையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் 1922 அச்சை அடிப்படையாக எடுத்துப் பிழை நீக்கவில்லை. ஜாய்ஸ் கைப்பட எழுதியது எதுவோ அதை, கைப்பிரதி, தட்டச்சுப் பிரதியின் ஓரம், மெய்ப்பின் ஓரம் என்று ஒவ்வோர் அடுக்காகச் சேர்த்துத் தொடர் கைப்பிரதி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பாடம் எடுத்தார். 1984-இல் மூன்று தொகுதிகளாக வந்ததில் இடப்பக்கம் அடுக்குகள், வலப்பக்கம் இறுதிப் பாடம். உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதம் கொடுத்தார் என்றால், இவர் பேதங்களை வாக்கியத்துக்குள்ளேயே குறியீடு போட்டுக் காட்டினார். 1986-இல் வந்த ஒற்றைத் தொகுதியில் இறுதிப் பாடம் மட்டும்தான்.

இந்த முறையின் பலம், தட்டச்சாளரும் கம்பாசிட்டரும் விட்டதெல்லாம் திரும்பி வரும். பலவீனம், ஜாய்ஸ் வேண்டுமென்றே விட்டதும் திரும்பி வந்துவிடும். ஒன்பதாம் அத்தியாயத்தில், எல்லோருக்கும் தெரிந்த சொல் அன்பு என்று வரும் நான்கைந்து வரிகளை கேப்லர் சேர்த்தார். கைப்பிரதியில் இருக்கிறது, அச்சில் என்றுமே இல்லை. தட்டச்சு செய்தவரின் கண் தாவியது என்பது கேப்லர் வாதம். ஜாய்ஸே வெட்டியிருக்கலாம் என்பது எதிர்வாதம். பதினைந்தாம் அத்தியாயத்தில் ஸ்டீபன் இறந்த தாயிடம் அந்தச் சொல் எது என்று கேட்கிறான். ஒன்பதில் விடை முன்பே வந்துவிட்டால் அந்தக் கேள்வியின் கூர்மை போய்விடும். இந்த இடத்தில் பழைய பாடம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

1988-இல் ஆய்வாளர் ஜான் கிட் எழுதிய கண்டனம் வேறு வகை. கேப்லர் குழு பல இடங்களில் மூலத்தைப் பார்க்காமல் நிழற்பட நகலை நம்பியது என்றார். சான்றாக அவர் காட்டிய இரண்டு பெயர்கள்: கிரிக்கெட் ஆடும் கேப்டன் புல்லர் 'கல்லர்' ஆனார், பந்தயத்தில் வரும் த்ரிஃப்ட் 'ஷ்ரிஃப்ட்' ஆனார். கையெழுத்தை நகலில் படித்ததால் வந்த வினை.

எழுத்தாணி:

அதைத்தான் நானும் சொன்னேன்.

பிழைதிருத்தி:

ஆனால் இரண்டு பெயரைக் காட்டி, ஆயிரக்கணக்கான திருத்தத்தையும் தூக்கிப் போட முடியாதே. வழிகாட்டி நூலோடு படிக்கிறவருக்கு கேப்லர்தான் வசதி. டான் கிஃபர்டின் குறிப்புரை நூலின் 1988 பதிப்பு கேப்லர் வரி எண்ணில் போகிறது. 1922 நேர்நகலை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு குறிப்புக்கும் இடம் தேடியே பொழுது போகும். முதல் வாசிப்புக்கு கேப்லர். அதற்குப் பிறகு 1922-ஐ ஒரு அத்தியாயமாவது பாருங்கள். வாங்கக் கூடாதது எது என்று கேட்டால் 1934 பாடத்தின் மறு அச்சை மட்டும் சொல்வேன்.

மழைக்காகம்:

1934 ஏன்? நீதிமன்றம் அனுமதித்த முதல் அமெரிக்கப் பதிப்பு அதுதானே?

பிழைதிருத்தி:

சட்டத்தில் சுத்தம், பாடத்தில் அழுக்கு. சாமுவேல் ராத் என்பவர் 1929-இல் பாரிஸின் ஒன்பதாம் அச்சைப் பார்த்து நியூயார்க்கில் திருட்டுப் பதிப்பு அடித்தார், அட்டை முதல் விவரப் பக்கம் வரை போலி. ரேண்டம் ஹவுஸ் 1934 பதிப்புக்கு அச்சகத்துக்குக் கொடுத்தது அந்தப் போலியின் பிரதியை. திருட்டுப் பிழையெல்லாம் அதிகாரபூர்வமாகிவிட்டது. வழக்கைத் திட்டமிட்டவர்கள் எவ்வளவு கவனமானவர்கள் என்று பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. 1932-இல் பாரிஸிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்து, விமர்சகர்களின் பாராட்டுரைகளை அதற்குள்ளேயே ஒட்டி, சுங்கத்தில் பறிமுதல் ஆகும்படி பார்த்துக்கொண்டார்கள். தனியாகக் கொடுத்தால் நீதிபதி ஏற்காத கருத்துகள், பறிமுதலான பொருளோடு ஒட்டியிருந்தால் சாட்சியத்துக்குள் வந்துவிடும். நீதிபதி வூல்சியின் தீர்ப்பு 1933 டிசம்பர் 6. இத்தனை சாமர்த்தியம் செய்தவர்கள் அச்சுக்கு நல்ல மூலப்பிரதி தேடவில்லை.

இத்தனைக்கும் நல்ல பாடம் அப்போதே இருந்தது. 1932-இல் ஹாம்பர்க்கில் ஒடிசி பிரஸ் போட்ட பதிப்பை ஸ்டூவர்ட் கில்பர்ட் திருத்தினார். கேப்லருக்கு முன் வந்தவற்றில் பிழை குறைந்தது அதுதான் என்பார்கள்.

தாள்நூல்:

பழைய புத்தகக் கடையில் தேடுகிறவர்களுக்கு ஒன்று. "1922 யுலிசிஸ்" என்று ஏலப் பட்டியலில் வருவதெல்லாம் பிப்ரவரிப் பதிப்பு ஆகாது. அக்டோபர் 1922-இல் வீவரின் ஈகோயிஸ்ட் பிரஸ் பெயரில் 2000 பிரதி அடித்தார்கள், அச்சகம் அதே திஜோன். அமெரிக்காவுக்கு அனுப்பியதில் ஏறத்தாழ 500 பிரதியை அங்கே பிடித்து எரித்தார்கள். ஈடுகட்ட 1923 ஜனவரியில் அடித்த 500-இல் 499 இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் துறைமுகச் சுங்கத்தில் போயிற்று. இந்த இரண்டிலும் அட்டை நீலம்தான். விவரப் பக்கத்தில் ஈகோயிஸ்ட் பெயரும் ஜான் ராட்கர் பெயரும் இருக்கும், அதைப் பாருங்கள்.

வடகரை:

அருமை. வேஸ்ட் லேண்ட்?

கேலி_புரூஃப்:

அதுவும் அச்சகத்தில் அடிபட்டதுதான், ஆனால் 434 வரிக் கவிதை என்பதால் சேதம் எண்ணக்கூடிய அளவு. 1922 அக்டோபரில் லண்டனில் எலியட்டே தொடங்கிய தி கிரைட்டீரியன் முதல் இதழில் வந்தது. அதே மாதம் நியூயார்க்கில் தி டயல் நவம்பர் இதழ் என்ற பெயரில் வந்துவிட்டது. இரண்டிலும் பின்குறிப்புகள் கிடையாது. டிசம்பரில் போனி அண்ட் லிவ்ரைட் பதிப்பகம் 1000 பிரதி எண் இட்டு அடித்த புத்தகத்தில்தான் குறிப்புகள் முதல்முதலாக வருகின்றன. கவிதை மட்டும் போட்டால் புத்தகம் ஒல்லியாகிவிடும், பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. திருட்டுப் பழி வராமலிருக்க மேற்கோள் மூலங்களைக் குறிக்கப்போய், பக்கத்துக்காக நீட்டியதாக எலியட்டே பின்னால் 1956-இல் சொன்னார்.

எண் குழப்பம் ஒன்று அப்போதே புகுந்தது. ஐந்தாம் பகுதியில் இரண்டு குட்டி வரிகளை ஒன்றாக எண்ணிவிட்டார்கள். எனவே உள்ளது 434 வரி, கடைசி வரியின் எண் 433. எல்லாக் குறிப்புரைகளும் 433 கணக்கில் பழகிவிட்டதால் யாரும் மாற்றுவதில்லை. உங்கள் பதிப்பில் வரி எண்கள் ஒன்று கூடியிருந்தால் பதிப்பாளர் தாமாக எண்ணியிருக்கிறார் என்று அர்த்தம்.

தாள்நூல்:

அந்த 1000 பிரதியிலேயே 339-ஆம் வரியில் 'மவுன்டன்' என்ற சொல்லின் நடு 'ஏ' எழுத்து, அச்சு ஓட்டத்தின் பாதியில் உதிர்ந்துவிட்டது. முந்திய பிரதிகளில் எழுத்து இருக்கும், பிந்தியவற்றில் ஒரு பொத்தல். ஏலக்காரர்கள் விலை வைப்பதே அதைப் பார்த்துத்தான்.

1923 செப்டம்பரில் ஹோகார்த் பிரஸ் சுமார் 460 பிரதி போட்டது. விர்ஜீனியா வுல்ஃப் கையாலேயே கோத்தது. அதில் லண்டன் பாலத்தின் மேலே போகும் கூட்டம் பாலத்துக்குக் கீழே போய்விட்டது. சில பிரதிகளில் எலியட் பேனாவால் திருத்தியிருக்கிறார்.

கைப்பிரதியை வெட்டித் திருத்திய கவிஞர் எஸ்ரா பவுண்டுக்கான சமர்ப்பண வரி 1922-இல் எதிலும் இல்லை. 1925 தொகுப்பில்தான் அச்சில் ஏறியது. 1922 பதிப்பின் மறுபதிப்பு என்று விற்கிற நூலில் அந்த வரி இருந்தால் அது 1922 பாடம் இல்லை.

ஆம்பல்:

குறிப்புகளை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கவிதையின் கடைசிப் பகுதியில் இடி பேசும் இடத்துக்கு எலியட் காட்டும் மூலம் பிருகதாரண்யக உபநிடதம் 5, 1. அங்கே போனால் கதை இருக்காது. 5, 2-இல் இருக்கிறது. ஹார்வர்டில் சார்லஸ் லான்மனிடம் சமஸ்கிருதம் படித்தவர்தான், ஆனாலும் எண் தவறியது தவறியதுதான். வரிசையும் வேறு. உபநிடதத்தில் பிரஜாபதி முதலில் தேவர்களுக்கு அடக்கத்தையும், பிறகு மனிதருக்குக் கொடையையும், கடைசியாக அசுரருக்கு இரக்கத்தையும் சொல்கிறார். எலியட் கொடை, இரக்கம், அடக்கம் என்று மாற்றினார். மனிதருக்கு உரியது முதலில் வருகிறது, தேவர்களுக்கானது கடைசிக்குப் போகிறது. இதைப் பிழையாகப் பார்க்க வேண்டாம். கவிதை முடிவில் கட்டுக்குள் போகும் படகின் உருவம் அடக்கத்தைக் கடைசியில் கேட்கிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் உபநிடத வரிசைக்குத் 'திருத்தி'விடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

எழுத்தாணி:

எஸ்ரா பவுண்டு வெட்டியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

ஆம்பல்:

1971-இல் எலியட்டின் மனைவி வலேரி எலியட் பதிப்பித்த கைப்பிரதி நகலில் எல்லாம் இருக்கிறது. எலியட் 1921 இலையுதிர் காலத்தில் மார்கேட்டிலும் பிறகு லொசானிலும் எழுதி, 1922 ஜனவரியில் பாரிஸில் பவுண்டிடம் கொடுத்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப் பாணியில் ஃபிரெஸ்கா என்ற சீமாட்டியைப் பற்றி எழுபது வரி ஈரடிகள் இருந்தன, போயிற்று. நான்காம் பகுதியில் நீண்ட கடற்பயணம் இருந்தது, பத்து வரி மிஞ்சியது. ஆனால் எல்லா வெட்டும் பவுண்டுடையது இல்லை. தொடக்கத்தில் பாஸ்டன் நகர இரவைப் பற்றிய 54 வரியில் பவுண்டின் பென்சிலே இல்லை, அது எலியட் தாமே அடித்தது. அந்தக் கைப்பிரதிகள் நியூயார்க் வழக்கறிஞரும் சேகரிப்பாளருமான ஜான் குவின் கைக்குப் போய், நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது 1968-இல்தான் வெளியே தெரிந்தது. யுலிசிஸ் கைப்பிரதியும் குவினிடம்தான் இருந்தது. 1924 ஏலத்தில் அரிய புத்தக வணிகர் ரோசன்பாக் 1975 டாலருக்கு எடுத்தார்.

முகில்வண்ணம்:

குறுக்கே வருகிறேன். இரண்டு புத்தகத்தை வைத்து ஒரு ஆண்டையே கொண்டாடுவது பின்னால் வந்த பல்கலைக்கழகங்களின் வேலை. அமெரிக்காவில் 1922-இல் அதிகம் விற்ற நாவல் ஏ.எஸ்.எம். ஹட்சின்சனின் இஃப் வின்டர் கம்ஸ், இன்று யாருக்கும் நினைவில்லை. அதே ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி கல்கத்தாவில் பிஜ்லி வார இதழில் வங்கக் கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் 'பித்ரோஹி' கவிதை வந்தது. ஆகஸ்டில் அவர் தூமகேது இதழைத் தொடங்கினார், செப்டம்பரில் அதில் எழுதிய ஒரு கவிதைக்காக நவம்பரில் கைதானார். பெருவின் லிமாவில் செசார் வயேஹோவின் திரில்சே கவிதைத் தொகுப்பு சிறைச்சாலை அச்சகத்தில் 200 பிரதி அடிக்கப்பட்டது. இவையும் 1922 தானே?

பிழைதிருத்தி:

மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் பேராசிரியர்கள் தலையில் போட முடியாது. ஜாய்ஸ் நாவலை முடித்த 1921 அக்டோபர் கடைசியோடு கிறித்தவ ஊழி முடிந்தது என்று அறிவித்து, புது ஆண்டுக் கணக்கே போட்டவர் பவுண்டு. விளம்பரம் அன்றைக்கே ஆரம்பம். தி டயல் 2000 டாலர் பரிசை எலியட்டுக்கு என்று முன்கூட்டியே பேசி முடித்தது, லிவ்ரைட் புத்தகத்தில் 350 பிரதியைத் தானே வாங்கவும் ஒப்புக்கொண்டது. ஆயிரத்தில் முன்னூற்றைம்பது! நஸ்ருலுக்கு அப்படி வாங்கிக்கொள்ள ஆளில்லை, பறிமுதல் செய்யத்தான் ஆள் இருந்தது.

மழைக்காகம்:

தமிழில் மொழிபெயர்க்க நினைப்பவர் எந்தப் பாடத்தை எடுப்பது? உரிமைச் சிக்கல் உண்டா?

தாள்நூல்:

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. ஜாய்ஸ் 1941 ஜனவரியில் இறந்தார், 2002 முதல் தடையில்லை. இலங்கையில் 70 ஆண்டுக் கணக்கு, அதுவும் 2011-ஓடு முடிந்தது. ஆனால் கேப்லர் பாடத்துக்குத் தனி உரிமை கோரியிருக்கிறார்கள். வம்பு வேண்டாம் என்றால் 1922 பாடத்தை வைத்து மொழிபெயர்த்து, 'நதர்' போன்ற இடங்களை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பதினேழாம் அத்தியாயக் கடைசியில் ஒரு பெரிய கரும்புள்ளி வர வேண்டும், அங்கே கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மைக்கறை என்று நினைத்துப் பல பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். லேஅவுட் செய்பவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

எலியட் 1965 ஜனவரியில் இறந்தார். 60 ஆண்டுக் கணக்குப்படி 2025 டிசம்பர் வரை, 70 கணக்குள்ள நாடுகளில் 2035 முடிய. பவுண்டு வெட்டிய பகுதிகளை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அவை எலியட் இறந்த பிறகு 1971-இல் முதல்முறை அச்சானவை, அவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. பவுண்டின் ஓரக்குறிப்புகளுக்கு அவர் இறந்த 1972-இலிருந்து எண்ண வேண்டும்.